எட்டுத் தடவை தெரியவில்லை

— ஏழு பேர் பாத்துட்டாங்க அண்ணே. அதுல ஒருத்தி கைக்குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டே பாத்திருக்கா. வானம் பாக்கற நம்ம குழுவுக்கே டெலஸ்கோப் பிடிக்கக் கத்துக்குடுத்த நீ மட்டும், புதுசா வெடிச்ச நட்சத்திரம், அந்த சூப்பர்நோவா, எட்டு ராத்திரியும் "தெரியவில்லை"ன்னு எழுதி அனுப்பியிருக்க.

— தெரியல, எழுதினேன். மூணரைக்கு ஸ்கூல் பஸ் எடுக்கணும் மகராணி, சீக்கிரம் திட்டி முடி.

— அதை விடு. கோவக்காரின்னு நாம பேர் வச்ச கேலக்ஸி? நாலு மாசமா நடுவுல பொங்கிப் பொங்கி வெளிச்சமாகுதுன்னு அத்தனை பேரும் எழுதறாங்க. உன் தாள்ல மட்டும் மங்குது, இன்னும் மங்குது, ரொம்ப மங்குது. எல்லாத்தையும் தொகுத்து அனுப்பறவ நான். என் மூஞ்சியை எங்க கொண்டு வச்சுக்கறது?

— ஊர் ஊதினா நானும் ஒத்து ஊதணுமா? கேட்டுக்க, என் கண்ணுக்கு என்ன தெரியுதோ அதான் என் கணக்கு.

— நல்ல கணக்கு. ஒப்பிட்டுப் பாக்க வச்சிருக்கிற பக்கத்து நட்சத்திரமும் மங்குதுன்னு எழுதியிருக்கியே. நூறு வருஷமா அசையாம அதே வெளிச்சத்துல இருக்கிறது அது. உனக்காக வானத்துல பவர் கட்டா?

— டெலஸ்கோப் கண்ணாடியில தூசி. மொட்டை மாடியில தூசி விழாம பன்னீரா விழும்?

— நேத்து நீ எட்டு மணிக்கே குறட்டை விட்டப்ப, அண்ணி மாடிக் கதவைத் திறந்துவிட்டாங்க. உன் டெலஸ்கோப்லதான் பாத்தேன். கோவக்காரி பளிச்சுன்னு இருக்கா. சூப்பர்நோவாவும் குத்துக்கல்லாட்டம் இருக்கு.

— ஓகோ, வீட்டுக்குள்ளயே ஒற்றர் படை.

— கண் டாக்டர்கிட்ட போ அண்ணே.

— போன மாசம்தான் ஸ்கூல்ல எல்லா டிரைவருக்கும் கண் டெஸ்ட். கடைசி வரி வரைக்கும் ஒரு எழுத்து விடாம சொன்னேன். டாக்டரே தோள்ல தட்டிக்குடுத்தார்.

— அப்ப கண்ணுல கோளாறு இல்ல, வீம்பு.

— அப்படியே வச்சுக்க.

— வீம்புக்கு என்கிட்ட மருந்து இருக்கு. மத்தவங்க எழுதின வெளிச்ச நம்பரையே உன் பேர்லயும் போட்டுடறேன். யாருக்குத் தெரியப்போகுது.

— போடாத.

— ஏனாம்?

— பாக்காததைப் பாத்தேன்னு எழுதறது பொய். இருபது வருஷத்துல அந்தத் தாள்ல நான் ஒரு பொய் எழுதினதில்ல.

— அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீடு. அந்தத் தாள்ல இல்லன்னா வேற எங்க பொய் சொன்ன? அந்தக் கண் டெஸ்ட்லயா?

— எனக்கு முன்னாடி நின்ன டிரைவர் அந்த எழுத்தையெல்லாம் சத்தமா படிச்சான். காதால கேட்டு மனப்பாடம் பண்ணிட்டேன்.

— அடப்பாவி. நாப்பது பிள்ளைங்களை வச்சு ஓட்டறியே.

— சாயந்திரம்தான் மங்கல், பகல்ல சமாளிச்சுடலாம்னு இருந்தேன். இன்னிக்குக் காலையில ஒரு பொண்ணு குறுக்க வந்துச்சு. பஸ்ல வர்ற ஆயா கத்தினப்புறம்தான் பிரேக் போட்டேன். அவளுக்கு ஒண்ணும் ஆகல.

— மணி மூணு ஆச்சு. வேற டிரைவரை அனுப்பச் சொல்லி ஸ்கூலுக்கு நான் போன் பண்றேன். வேலை போனா போகட்டும், நானும் அண்ணியும் இருக்கோம். பஸ் சாவியை எடு. குடுக்கலன்னா இந்த வாசலை விட்டு நகர மாட்டேன்.

— உன் கைப்பையைத் திற.

— பஸ் சாவி எப்ப இதுக்குள்ள வந்துச்சு?

— நீ உள்ள வந்து செருப்பைக் கழட்டறப்பவே போட்டுட்டேன். வாயால சொல்ல வரல, எழுதத்தான் வந்துச்சு. "தெரியவில்லை"ன்னு எட்டுத் தடவை எழுதினேன். அதைப் படிக்கிறவ நீ ஒருத்திதானே.