ஒரு விரல் அகலம்

என் மனைவிக்கு ஒரு சின்ன மறதி உண்டு. வேலையில் மூழ்கிவிட்டால், அழுக்குத் துடைத்த பஞ்சுக்குச்சியையே மறுபடி வாயில் வைத்துக்கொள்வாள்.

பழைய ஓவியத்தின் மேல்அழுக்கை எச்சிலால்தான் எடுப்போம். அதைவிட மென்மையானது எதுவும் இல்லை. ஒரு குச்சி, ஒரு முறை, பிறகு குப்பை. அருங்காட்சியகப் பட்டறையில் நாங்கள் இருவர்தான். எத்தனையோ தடவை கண்டித்திருக்கிறேன்.

"நீங்க வேற. முப்பது வருஷமா இப்படித்தான். செத்தா போயிட்டேன்?" என்பாள்.

அந்த ஓவியம், பச்சை உடுப்பில் நிற்கும் ஒரு பெண். எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய வருடம் அது என் கைக்கு வந்தபோது, ஈரம் பட்டு முகமே உதிர்ந்துபோயிருந்தது. நானே ஒரு முகம் வரைந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நான் மணக்க நினைத்திருந்தவளின் முகம். அதைப் பார்க்கத்தான் இன்றும் கூட்டம் வருகிறது.

இந்த வருடம் அதைச் சுத்தம் செய்யும் வேலை அவளுக்கு வந்தது. இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

"இந்த மூஞ்சி பழசு இல்லைங்க. யாரோ கைய வச்சிருக்காங்க." சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். "எங்கயோ பார்த்த மாதிரியும் இருக்கு."

அவளுக்கே அவளைத் தெரியவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

விட்டுவிடச் சொன்னேன். மாட்டேன் என்றாள். உடுப்பும் கழுத்தும் முடிந்ததும், திங்கட்கிழமை முகத்தைக் கரைத்தெடுப்பதாக இயக்குநருக்கு எழுதிவிட்டாள். நான் ஏன் தடுக்கிறேன் என்று கேட்டாள். நான் தேநீர் போடப் போய்விட்டேன். அன்றிலிருந்து என் கையால் தேநீர் வாங்கிக் குடிக்கவில்லை, தானே போட்டுக்கொண்டாள். தேநீரில் எனக்கு என்ன வேலை.

வியாழக்கிழமை அவள் சாப்பிடப் போயிருந்தபோது, ஓவியத்தில் கழுத்துக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு விஷம் தடவி வைத்தேன். அந்தக் காலத்துப் பச்சைச் சாயத்திலேயே விஷம் உண்டு. மருத்துவரும் அப்படித்தான் எழுதினார். நீங்கள்தான் நம்பவில்லை.

அவள் வந்து உட்கார்ந்தாள். குச்சியை வாயில் நனைத்தாள். துடைத்தாள். மறுபடி வாயில் வைத்தாள். எதிர் மேசையில்தான் இருந்தேன். அன்று மட்டும் கண்டிக்கவில்லை.

அதற்குப் பிறகு படத்தைத் தொடவே எல்லாருக்கும் பயம். இருந்த இடத்திலேயே திரும்ப மாட்டிவிட்டார்கள்.

மனைவியைக் கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒரு தடவை அருங்காட்சியகக் கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். அவள் அங்கேதான் இருக்கிறாள். ஒரு கீறல்கூட விழவில்லை.