கிணற்றடிச் சிமெண்டு

சிமெண்டுத் தளம் வெடித்தால் வெடிப்பை மட்டும் பூசி மூடக்கூடாது, இன்ஸ்பெக்டர் சார். அடியில் மண் இறங்கியிருக்கும். தளத்தை உடைத்து, பள்ளத்தில் ஜல்லியும் ஆற்றுமணலும் போட்டு, தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டித்த பிறகே மேலே சிமெண்டு போட வேண்டும். வீட்டு முன்பக்கம் அப்படித்தான் செய்வித்தேன். நீங்களே பார்த்திருப்பீர்கள், ஒரு கீறல் கிடையாது.

கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் அந்த வீட்டில் நானும் என் தங்கை விஜயமும் மட்டும்தான். சின்ன வயதிலேயே கணவனை இழந்தவள். என் மனைவி போன பிறகு எனக்குச் சோறு போட்டவளும் அவள்தான். வாத்தியார் வேலைக்கு அவளைப் படிக்க வைத்தது நான். அதை யாரும் மறுக்கமாட்டார்கள்.

மாகாணப் பிரிவினையில் நாகர்கோவில் இங்கிருந்து பிரிந்து மதராஸோடு போகப்போகிறது என்று முடிவான சமயம், அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது.

"அண்ணா, மாசம் ஒருதரம் வந்துடுவேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடணும், என்ன?" என்று சிரித்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

அந்த வாரம்தான் மழையில் கிணற்றடித் தளம் வெடித்துச் சாய்ந்தது. கொத்தனார் வேலாயுதன் வெடித்த பாகத்தை உடைத்துப் பார்த்தான்.

"சாமி, அடியில மண்ணு முழுக்க மழத்தண்ணியோட கெணத்துக்குள்ள ஒலிச்சுப் போச்சு. கைப்பிடிச் சொவரும் அந்தரத்துலதான் நிக்குது. கல்லு கொண்டு வாறேன், அதுவரைக்கும் ஆரையும் இங்க விடாண்டாம், கேட்டேளா."

நான் சொல்லியனுப்பும்போது வந்தால் போதும் என்றேன்.

மறுநாள் மத்தியானம் விஜயம் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளத்தின் மேல் முடைந்த தென்னோலையைப் பரப்பி, ஒரு விரற்கனம் சிமெண்டைப் பூசிக் கரணையால் இழைத்தேன். காயும்வரை பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஜலம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"அதுக்குள்ள ஆயிடுத்தா அண்ணா?"

"ஆயிடுத்தும்மா."

என் எண்ணம் இவ்வளவுதான். கால் ஒரு சாண் இறங்கும், சுளுக்கும். வேலையில் சேரும் தேதி தவறிப்போகும். பிறகு அவள் வீட்டோடு இருப்பாள், எண்ணெய் போட்டு நீவிவிட நான் இருக்கிறேன். வேறு யாருக்கும் ஆபத்து வந்துவிடக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். விடியற்காலையில் அவள் குளத்தில் முழுகிவிட்டு வந்து, ஈரப்புடவையோடு மடி ஜலம் இழுக்கும்வரை எங்கள் கிணற்றடியில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். முதல் கால் அவளுடையதாகத்தான் இருக்கும்.

தளம் காய்ந்துவிட்டது என்று மூன்றாம் நாள் ராத்திரி அவளிடம் சொன்னேன். மறுநாள் விடியற்காலை தளமும் சுவரும் சேர்ந்து விழுந்த சத்தத்தில்தான் கண் விழித்தேன். புறக்கடைக்கு ஓடினேன். அவளைக் காணோம். வாளியும் கயிறும் இந்தப் பக்கமே கிடந்தன.

"அண்ணா, கயத்தைப் போடு," என்று உள்ளேயிருந்து கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவையும் கேட்டது.

அது மடிக் கயிறு, சார். படுக்கையிலிருந்து எழுந்தவன் குளிக்காமல் அதைத் தொடலாமா? தொட்டதற்காக அவளே என்னை எத்தனையோ நாள் கடிந்துகொண்டிருக்கிறாள். அவளைப் போல ஆசாரம் பார்த்தவள் அந்தத் தெருவிலேயே கிடையாது. அவள் மனம் கோணும்படி நான் ஒருநாளும் நடந்ததில்லை.

அழுதுகொண்டேதான் குளித்தேன். குளித்து, மடி வேஷ்டி கட்டி, சந்தியாவந்தனத்தையும் முடித்துவிட்டுத்தான் கயிற்றை எடுத்தேன்.