மர அழிக்குப் பின்னால்

ராஜபாய்: ஐயோ அம்மா, அதைக் குடிக்காண்டாம்!

விஜயம்: ஏன்? தீர்த்தம் இல்லையா இது?... உள்ளே போயிடுத்தே.

ராஜபாய்: போனா போட்டும், கெடுதல் ஒண்ணுமில்ல. மந்திரிச்ச தண்ணிதான். விரல் நுனியில தொட்டு நெத்தியில சிலுவை போடுததுக்கு வச்சிருக்கு. முந்தாநாளும் ஒரு ஆளு இப்பிடித்தான், கையைக் குழிச்சுக் குடிச்சு, மிச்சத்தைத் தலையில தடவிச்சு.

விஜயம்: யாரு?

ராஜபாய்: அது கெடக்கட்டு, வாங்க. எங்கேர்ந்து வாறிய?

விஜயம்: கரமனை. கோயிலைச் சுத்திக் காட்டறது ராஜபாய்தான்னு வண்டிக்காரன் வேலாயுதன் சொன்னான்.

ராஜபாய்: நான்தான். பீடத்துக்குப் பூ வைக்கிறதும் நான்தான். அதா, அந்த நாற்காலி பிஷப்புக்கு உள்ளது. அது இருக்கிறதாலதான் இது பெரிய கோயில். மேல பாருங்க, கூரைப் பாரத்தை இந்த வளைவுதான் ரெண்டு பக்கமும் தள்ளி விடுது. வெளியில முட்டுச் சுவர் கண்டியளா? அது இல்லாட்டி...

விஜயம்: இருக்கட்டும் ராஜபாய்... நாளைக்கு இங்கே ஒரு கல்யாணமாமே?

ராஜபாய்: ஓ. காலத்தப் பூசையில, விடிஞ்ச உடனே.

விஜயம்: தெரிஞ்சவாத்துப் பொண்ணு. பாக்கணும். ஆனா என்னை யாரும் பாக்கப்படாது.

ராஜபாய்: ஒளிஞ்சு நின்னா?

விஜயம்: எங்காத்துக்காரர் ஹஜூர் கச்சேரியில உத்யோகம். தெரிஞ்சா என்னை வாசப்படி ஏத்தமாட்டார்... இந்தத் தூணுக்குப் பின்னால நிக்கட்டுமா?

ராஜபாய்: நிக்கலாம். முதுகுதான் தெரியும். சாமியாரே பீடத்தைப் பாத்துத்தான் நிப்பாரு. பொண்ணும் மாப்பிள்ளையும் அவருக்குப் பின்னால, கிராதியில முழங்காலை முட்டுக்குத்தி இருப்பாங்க.

விஜயம்: கிராதின்னா?

ராஜபாய்: அந்த மர வேலி. அதுக்கு அங்கால சாமியார், இங்கால ஜனம்.

விஜயம்: ஒரு தரம் கூடத் திரும்ப மாட்டாளா?

ராஜபாய்: கடைசியில திரும்பி வாசலுக்கு நடந்து வரும். அப்ப எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. உங்களையும் பாப்பாங்க.

விஜயம்: மேலே அந்த மாடி?

ராஜபாய்: பாட்டுக்காரங்க நிக்கிற இடம். மேலேர்ந்து விழுத சத்தம் மூலை முடுக்கெல்லாம் போவும், அதுக்குத்தான் அங்க வச்சிருக்கு. ஆனா அங்கேர்ந்து பாத்தா உச்சந்தலைதான்.

விஜயம்: உச்சந்தலை போறும்... இல்லை, போறாது. மூஞ்சி பாக்கணும்.

ராஜபாய்: தெரிஞ்சவங்க வீட்டுப் பொண்ணுக்கா அம்மா இத்தனை பாடு?

விஜயம்: ...தூக்கி வளத்திருக்கேன்.

ராஜபாய்: அப்ப பெத்தவங்க?

விஜயம்: அவ அப்பா போன மாசமே தலை முழுகிட்டார். பொண்ணு செத்துட்டாளாம். அம்மாவையும் ஈரப் புடவையோட உக்காத்தி வச்சு... விடு. வேற இடம் உண்டா, இல்லையா?

ராஜபாய்: உண்டு. இப்பிடி வாங்க... குனிஞ்சு. இது நான் பூ கட்டுத அறை. இந்தச் சன்னல் மர அழி இடுக்கு வழியாப் பாருங்க. அங்க மெழுகுதிரி வெளிச்சம், இங்க இருட்டு. இங்கேர்ந்து அவங்களைப் பாக்கலாம், அங்கேர்ந்து நம்மைத் தெரியாது. பொண்ணு எப்பவும் மாப்பிள்ளைக்கு இடப்பக்கம், அதாவது இந்தப் பக்கம். அதனால அவன் மறைக்க மாட்டான்.

விஜயம்: கிராதி நன்னாத் தெரியறது... ஆனா முக்காடு போட்டிருப்பாளே? பக்கத்திலேர்ந்து பாத்தா மூஞ்சி மறைஞ்சுடாதோ?

ராஜபாய்: மறைக்கும். எல்லாப் பொண்ணுக்கும் மறைக்கும்... நாளைக்கு மறைக்காது.

விஜயம்: அதெப்படி உனக்குத் தெரியும்?

ராஜபாய்: முந்தாநாள் தண்ணியைக் குடிச்சுதுன்னு சொன்னேனே, அந்தப் பொண்ணு... ஞானஸ்நானம் வாங்கியும் கைப்பழக்கம் போகல்ல. உங்களை மாதிரியே தூணு, மாடி எல்லாம் கேட்டுட்டு, இதே அழியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுது. பொறவு கிராதியில போய் முட்டுக்குத்தி, ‘அக்கா, அங்கேர்ந்து என் மூஞ்சி தெரியறதா?’ன்னு கேட்டுது. தெரியல்லன்னேன். முக்காட்டை இடப்பக்கம் மட்டும் காதுக்குப் பின்னால ஒதுக்கி ஊசி குத்திச்சு. தெரிஞ்சுது. ‘நாளைக்கோ நாளான்னைக்கோ எங்கம்மா வருவா. யாருன்னு சொல்ல மாட்டா, நீங்களும் கேக்காதேங்கோ. தீர்த்தத்தைக் குடிச்சாள்னா, இந்த இடத்தைக் காட்டிடுங்கோ’ன்னு சொல்லிட்டுப் போச்சு, அம்மா.