வெள்ளி ராத்திரி வஞ்சிரம்

ஹலோ... ஹலோ, ஆஃப்ரீனா?... நான்தான்டி, ஜெனிதா. என் போன்ல சார்ஜ் பூடுச்சு. இது மண்டபத்து வாட்ச்மேன் ரங்கன் அண்ணன் போன்... ஆமா, அசோக் நகர் மண்டபம்தான். வாசல்ல நிக்கறேன். கேட்டு பூட்டிக் கீது... பூட்டி. பூட்டு போட்டு... இன்னாத்துக்கு வந்தேனா? மீன் கொண்டாந்தேன்டி. உங்கண்ணன் ஃபராஸோட வலீமா விருந்துக்கு. இன்னிக்குத்தானே...

...

...நாளைக்கா?

...இரு. ஒரு நிமிஷம் இரு. நீ எனக்கு இன்னான்னு மெசேஜ் போட்ட?... ஆமா, "வெள்ளி ராத்திரி"ன்னு போட்ட. ஆமா... ஆமா, அதத்தான் நானும் படிச்சேன்... வெள்ளின்னா வெள்ளின்னு எனக்கும் தெரியும். கேளு. செகண்ட் இயர்ல எனக்கு உருது கத்துக்குடுத்தது யாரு?... ஜும்மேராத், ஜும்மேராத்னு சொல்லிக்கினே இருந்தது யாரு? அதுக்கு இன்னா அர்த்தம்?... சத்தமா சொல்லு, ரோட்டுல பஸ்ஸு போவுது... ஆங். வெள்ளி ராத்திரி. ஆனா எந்தக் கெழம?... வியாழக்கெழம. "எங்களுக்கு ராத்திரி மொதல்ல வரும், பகல் அப்புறம்தான்"னு கேன்டீன்ல சமோசாவ கையில வச்சுக்கினு பாடம் நடத்துனியே.

...சிரிக்காத... சிரிக்காதடி, ஆட்டோக்காரர் என்னைப் பாக்கறாரு.

...எனக்குச் சந்தேகமே வரல. ஏன்னா நாளைக்குப் பெரிய வெள்ளி. பெரிய வெள்ளிக்கு நானும் எங்கம்மாவும் மீனத் தொடமாட்டோம், மீன் வெட்டுற பலகையக் கழுவிக் கவுத்து வச்சுட்டு கோயிலுக்குப் போயிடுவோம்னு உனக்குத் தெரியும். அப்ப நீ வெள்ளி ராத்திரின்னு போட்டா நான் இன்னா நெனப்பேன்? பாரு, என் ஃப்ரெண்டு உருதுல யோசிச்சு தமிழ்ல எழுதுறான்னு நெனச்சேன். பெருமையா இருந்துச்சுடி.

...மறந்துட்டியா... பரவால்ல, கல்யாண வீடு. உன் பேராவது உனக்கு ஞாபகம் கீதே.

...வஞ்சிரம்தான். சுத்தம் பண்ணி, துண்டு போட்டு, ரெண்டு பெட்டி, ஐஸோட. காலைல இருந்து நானும் அம்மாவும் வெட்டுனது. தலையும் வாலும் எங்க தெருவுல இந்நேரம் கொழம்பாயிருக்கும். மிச்சமெல்லாம் ஆட்டோல கீது.

...கேளு. உங்கப்பா பக்கத்துல கீறாரா?... சமையல்காரர் ஷரஃபுதீன் பாயும் அங்கதானா? நல்லதாப் போச்சு. போய்க் கேளு. மீன் இன்னிக்கே வந்துடுச்சு, ஐஸ்ல வச்சிருந்து நாளைக்கு வறுக்கலாமான்னு... போ, நான் இருக்கேன்.

...அண்ணே, ரெண்டு நிமிஷம்ணே. குடுத்துடறேன்.

...ஆங், சொல்லு... ம்... ம்... இன்னா சொன்னாரு?

...கொட்டிடறதா?

...யாரு சொன்னது, பாயா, உங்கப்பாவா?... பாய் சொன்னாரு, அப்பா தலையாட்டுனாரு. சரி... "நேத்து வெட்டுன மீன் என் எண்ணெயில எறங்காது"ன்னாரா. சரி.

...இல்ல. கோவமெல்லாம் இல்ல.

...ஓட்டலுக்கா? தி.நகர்ல நாங்க மீன் போடுற ஓட்டலச் சொல்றியா? அவங்க வாங்க மாட்டாங்க. அவங்களுக்கு நடுத்துண்டு மட்டும்தான் வேணும், அதுவும் எல்லாம் ஒரே அளவா. வால் பக்கத்துத் துண்டு தட்டுல வச்சா அழகா இல்லியாம். போன வாரம் அங்க கொஞ்சம் சின்னதா இருந்ததையெல்லாம் தனியா எடுத்து அப்படியே குப்பைல தள்ளுனாங்க. நான் நின்னுகினு இருக்கறப்பவே.

...ஆஃப்ரீன், நான் சொல்றதக் கேளு. இந்த மீன் நேத்து மீனும் இல்ல, இன்னிக்கு மீனும் இல்ல. திங்கக்கெழம புடிச்சது. எங்கண்ணன் நந்தா கடலுக்குப் போற போட்டு நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் கரைக்கு வருது. அதுவரைக்கும் எல்லா மீனும் ஐஸ்லதான் கெடக்குது. கரைக்கு வந்த அன்னிக்கு அதுக்குப் பேரு இன்னிக்கு மீன். போன வருஷம் உங்க மஹ்விஷ் அக்கா கல்யாணத்துல பாய் ஒரு துண்ட விரலால அமுக்கிப் பாத்துட்டு, "மாஷா அல்லாஹ், இப்பத்தான் கடல்லேருந்து ஏறி வந்திருக்குது"ன்னாரே, ஞாபகம் கீதா?... அதுக்கு அப்ப அஞ்சு நாள் வயசு.

...ஐயோ, அத அவர்கிட்ட சொல்லிடாத. பாவம், பெரிய மனுஷர்... சரி, வேற வழியே இல்லன்னா சொல்லு.

...நானா? நான் பேசமாட்டேன். நான் பேசுனா மீன்காரி மீனுக்குத்தான் பேசுவான்னு நெனப்பாரு. நியாயம்தானே. நீதான் சொல்லணும்... நீதான். நீயும் என்கூட அதே ஜுவாலஜி டிகிரிதானே வாங்குன? ஐஸும் மீனும் சரிக்குச் சரி போட்டு, உருகுன தண்ணி வடியறாப்ல வச்சா நாளைக்கு ராத்திரி வரைக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு உனக்குத் தெரியாதா?

...தெரியும், ஆனா பயமா கீதா? ம்... ம்... ஆமா, உனக்கு எப்பதான் பயமில்ல. வைவாவுல வந்த சார், "அந்த ஃபேன நிறுத்துங்கப்பா, பொண்ணு ஏதோ பேசுற மாதிரி தெரியுது"ன்னாரே, அந்த ஆளுதானே நீ.

...சரி, சிரிச்சுட்டேல்ல. இப்பக் கேளு. ப்ராஜெக்ட்டுக்காக காசிமேட்டுல பத்து நாள் தராசோட நின்னோம். அந்தக் கழிசல் கூடை ஞாபகம் கீதா?... அதான், யாரும் வாங்காத குஞ்சு மீனு, பொடி நண்டு, பேரே தெரியாதது எல்லாம்... ஆமா, கோழித் தீவனத்துக்குப் போச்சு. அதுவாவது கரைக்கு வந்துச்சு. வலையில செத்து வந்தத நடுக்கடல்லயே வாரித் திருப்பிக் கொட்டுறத நந்தா சொன்னான்ல, அன்னிக்கு நீ கையில வாங்குன டீயக் குடிக்கவேல்ல. ஆடை படிஞ்சு போச்சு... ம். நானும் கவனிச்சேன். கேக்கல.

...ப்ராஜெக்ட்டோட கடைசி வரி எழுதுனது யாரு?... நான் எழுதல. நான் அட்டவணை போட்டேன், கை வலிச்சுது. கடைசி வரி நீ எழுதுன. "பிடித்த மீனை வீணாக்குவது அதை இரண்டாவது முறை கொல்வது." இது ரொம்ப ஓவர்டி, அடிச்சுடுன்னேன். மாட்டேன்னுட்ட. மூணு வருஷத்துல நீ என்கிட்ட மாட்டேன்னு சொன்னது அந்த ஒரே ஒரு தடவதான்.

...அதான் சொல்றேன். இத இங்க கொட்டுனா நாளைக்கு நான் வேற வெட்டித் தரமாட்டேன். உங்கப்பா வேற எங்கயாவது இன்னொரு லோடு வாங்குவாரு. அப்ப இதுவும் செத்தது, அதுவும் செத்தது. இதுங்களோட வலையில ஏறுனதுங்க எவ்ளோன்னு நமக்குத் தெரியும். எடை போட்டோம்ல.

...போ. போன கட் பண்ணாத. அப்படியே கையில வச்சுக்கினு போ.

...

...இல்லண்ணே, இன்னும் முடியல. இந்தப் பொண்ணு பேசப் போயிருக்குதுண்ணே. அவங்க அப்பாகிட்ட... அப்பாகிட்டதான்ணே, ஆனா அது கொசு பேசுற மாதிரி பேசும்... ஆமாண்ணே, ஐஸு கீது, தாங்கும். நிழல்லதான் நிறுத்தச் சொன்னேன்.

...ஹலோ?... யாரோ கத்துறாங்கண்ணே... பொம்பளக் குரலு. அவங்கம்மாவா இருக்கும்... ஹலோ, யாருங்க?... இல்லியே. அவங்கம்மா உருதுலதான் திட்டுவாங்க. இது தமிழ்ல ஐஸு, டெம்பரேச்சர்னுல்ல...

...ஆஃப்ரீன்?

...நீயா அது?

...மொதல்ல தண்ணி குடி. குடிச்சுட்டு சொல்லு... ம்... ம்... எடுத்தவுடனே இன்னா சொன்ன?... "பாய், நீங்க புகழ்ந்த மீனுக்கு அஞ்சு நாள் வயசு." அதான் மொத வார்த்தையா? அடிப்பாவி. வேற வழியில்லன்னாத்தானே சொல்லச் சொன்னேன்.

...அதுக்கு பாய்?... சிரிச்சாரா?... ம்... தானே அமுக்கிப் பாப்பாராமா. பாக்கட்டும், பத்து விரலாலயும் பாக்கட்டும். நாளைக்கும் ஒருக்கா பாக்கச் சொல்லு. மோந்து பாத்து சரியில்லன்னா அவர் சொல்றதுதான், நானே ஒத்துக்கறேன்... உங்கப்பா?... உன்னையே பாத்துக்கினு கீறாரா. பாக்கட்டும்டி. இருவத்திமூணு வருஷமா வீட்டுல இன்னொரு பொண்ணு கீதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சிருக்கும்.

...சரி, இப்ப மண்டபத்துல வைக்க முடியாது. நேரா கோடம்பாக்கம் உங்க வீட்டுக்கே கொண்டாறேன். மாடிப்படிக்குக் கீழ எடம் பண்ணி வை. வெயில் படக்கூடாது. பெட்டிக்கு அடியில ரெண்டு செங்கல் வை, அடி ஓட்டைல தண்ணி வடியணும். சாய்ங்காலம் ஒருக்கா, படுக்கறதுக்கு முன்னால ஒருக்கா, விடிஞ்சதும் ஒருக்கா ஐஸு போடணும். நீதான் போடணும். ஃபராஸ் அண்ணன்கிட்ட விட்டேன்னா அது மாப்பிள்ளை வேஷத்துல ரோஸ்மில்க்குக்கு ஐஸு எடுத்துக்கினு பூடும்.

...இன்னொண்ணு சொல்லணும். நின்னுகினு கீறியா?... உக்காரு.

...நீ நாப்பது கிலோ சொன்ன. நான் முப்பதுதான் கொண்டாந்தேன்.

...இல்ல, கெடைக்காம இல்ல. வேணும்னுதான்.

...சொல்றேன், கேளு. மஹ்விஷ் அக்கா கல்யாணத்துல கை கழுவப் பின்பக்கம் போனேன். அங்க ஒரு நீல ட்ரம்மு. பிரியாணிக்கு நடுவுல மீன் துண்டு. ஒரு கடி கடிச்சது, கடிக்காதது, எலுமிச்சம்பழம் கூட மேலேயே இருந்துச்சு. நான் வெட்டுன துண்டு எனக்கு அடையாளம் தெரியும்டி... ஆமா. உங்கிட்ட சொல்லல. கல்யாண வீட்டுல போய் இன்னாத்த சொல்றது... இல்ல, அழல. அன்னிக்கும் அழல. பஸ்ஸுல போறப்ப கொஞ்சம்.

...எல்லாருக்கும் மொதல்லயே ரெண்டு துண்டு வைக்காதீங்க. ஒண்ணு வைங்க. கேக்கறவங்களுக்கு இன்னொண்ணு வைங்க. முப்பதே தாராளம், வர்றவங்க கணக்க நீதானே அனுப்புன... அதையும் நீதான் சொல்லணும். ஆமா, இப்பவே. தொண்டை சூடா கீது, ஆறுறதுக்குள்ள போய்ச் சொல்லிடு.

...நாளைக்கு நான் எப்படிடி வருவேன்? ஒருசந்தி. ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் அம்மா கஞ்சிதான் வைக்கும். கோச்சுக்காத. ஞாயித்துக்கெழம வந்து மாப்பிள்ளை பொண்ணப் பாக்கறேன்... சத்தியமா... சரி... சரி. ஆமாண்ணே, இதோ முடிச்சுட்டேன்... வைக்கறேன்டி, அண்ணன் கைய நீட்டிக்கினு நிக்கறாரு.

...இன்னா?

...இன்னா சொன்ன?

...மிஞ்சுனா எனக்கு எடுத்து வைக்கறியா? ஏன்டி, மிஞ்சக் கூடாதுன்னுதானே இவ்ளோ நேரம் நடு ரோட்டுல நின்னு கத்திக்கினு...

...ஹலோ?

...இந்தாங்கண்ணே. வச்சுட்டா. வேணும்னே சொல்லிட்டு, சிரிச்சுக்கினே வச்சுட்டாண்ணே.