மடிப்புக்குள் மெல்லிய தாள்

கோழி வளர்ப்பவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, இன்ஸ்பெக்டர். கோடெலிவ் அம்மா கொடுத்தனுப்பிய முட்டைகளைப் பல வருடம் ஆசையாகச் சாப்பிட்டிருக்கிறேன். கோழிகளுக்குத் தீனி போட அவர் எதை மாட்டிக்கொண்டு போனார் என்பதில்தான் எங்களுக்குள் தகராறு.

பழைய ராணுவ உடுப்புகளை அடையாளம் கண்டு பாதுகாப்பவன் நான். எங்கள் டிக்ஸ்மெய்டு பக்கம் வயலை உழுதால் இன்றும் தலைக்கவசம் கிடைக்கும். பித்தளைப் பொத்தான் இல்லாத வீடே இல்லை. ஆனால் முதல் உலகப்போரின் முதல் மாதங்களில் நம் பெல்ஜியச் சிப்பாய்கள் போட்ட கருநீல நீளக் கோட்டு அபூர்வம். அடுத்த வருடமே காக்கி வந்துவிட்டது. நீலத்தையெல்லாம் குழந்தைகளுக்குச் சட்டையாக வெட்டித் தைத்துவிட்டார்கள்.

அப்படிப்பட்ட ஒன்றைக் கோடெலிவ் அம்மா கோழிக்கூண்டுக்குள் போட்டுக்கொண்டு நின்றார். உள்துணியைப் புரட்டி ராணுவக் கிடங்கு முத்திரையைப் பார்த்தேன், அசலேதான். ஐசர் நதிக்கரைப் பதுங்குகுழியில் அவருடைய அப்பா போட்டிருந்த கோட்டு அது. விழுந்துபோன ஒரு பொத்தானுக்குப் பதிலாக ரோஜா நிறச் சட்டைப் பொத்தான் தைத்திருந்தார். மன்னித்தேன்.

விலைக்குக் கேட்டேன். கடனாகக் கேட்டேன். என் வீட்டு இருட்டறைக்கு அழைத்துப்போய், பெட்டிகளில் உடுப்புகள் படுத்திருப்பதையும் காட்டினேன்.

"குளிருக்குப் போடத்தானப்பா கோட்டு. நீ என்னடான்னா அதைப் படுக்கவெச்சுப் போத்தி விடுறே. அதுக்கென்ன காய்ச்சலா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போர் முடிந்த நினைவுநாளான நவம்பர் பதினொன்றுக்கு முந்தின நாள், பிஸ்கட் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். காப்பி ஊற்றிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு நினைவுத்தூண்கிட்ட எங்கப்பா கோட்டைப் போட்டுக்கிட்டுத்தான் நிக்கப் போறேன் ஃபிர்மின். ஒரே கோழி நாத்தம். இப்ப மெஷின்ல போட்டு அலசிடறேன்."

பொறுமையாக விளக்கினேன். வெந்நீரில் கம்பளி சுருங்கிக் கட்டிதட்டிவிடும். இன்றைய சோப்புத்தூளில் வெளுப்புக்கென்று ஒரு மருந்து உண்டு. அது பட்ட துணி புறஊதா விளக்கின்கீழ் பளிச்சென்று ஒளிரும். அந்த ஒளியை வைத்துத்தான் போலியைக் கண்டுபிடிக்கிறோம். ஒருமுறை அலசினால் அசலையே யாரும் நம்பமாட்டார்கள்.

"எங்கப்பா கோட்டுன்னு எனக்குத் தெரியும்ல. வேற யாரு நம்பணுமாம்?" என்றார்.

உள்துணியைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். பாவம், உடனே கழற்றிக் கொடுத்தார். காப்பி சிந்திவிடக்கூடாதே என்று அதை அடுத்த அறைக் கட்டிலில் விரித்துவைத்தேன். திரும்பி வந்து, நாற்காலியிலிருந்த திண்டை எடுத்து அவர் முகத்தில் அழுத்தினேன். திண்டு புதியது, நைலான் உறை. வீணாவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அவர் கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. மெதுவாக விரல் விரலாக எடுத்துவிட்டேன்.

பிறகு கோட்டை என் பெட்டியில் வைத்துவிட்டு, அவரைக் கட்டிலில் படுக்கவைத்துக் கழுத்துவரை போர்த்தினேன். பாத்திரம் கழுவிய ஈரம் அவர் ஏப்ரனில் இருந்தது. படுக்கை நனையுமே என்று அதைக் கழற்றி, மடித்து நாற்காலியில் வைத்தேன். மாரடைப்பு என்றுதான் டாக்டரும் எழுதினார். நீங்கள் ஒருவர்தான் ஏப்ரனை விரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள எதுக்குங்க இந்தத் தாளு?" என்று கேட்டீர்கள். மடிப்பில் மெல்லிய தாள் வைக்காவிட்டால் நாளடைவில் அந்த இடத்தில் நூல் அறுந்துவிடும். தாள் எப்போதும் என் பையில் இருக்கும். கை பழக்கத்தில் செய்துவிட்டது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். கோட்டைச் சாட்சிப் பொருளென்று உங்கள் அலமாரியில் கம்பிக் கொக்கியில் தொங்கவிட்டிருக்கிறீர்கள்; வரும்போது பார்த்தேன். அதன் தோள் தாங்காது. தயவுசெய்து படுக்கவையுங்கள்.

என்னைப் பற்றி ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். வயதான எதுவும் இதுவரை என் கையில் சேதமானதில்லை.