கோபமாக வந்தவருக்கு முதல் மைக்

தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் பிரேமலதா அவர்களே, கணவர் இறந்த பின் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து இன்றுதான் வெளியே வந்திருக்கும் தங்கை, நம் பாயின் மனைவி கமருன்னிசா அவர்களே, ஸ்ரீரங்கத்திலிருந்தும் உறையூரிலிருந்தும் வந்திருக்கும் கவிதைக்காரர்களே, நாற்காலி காலியாக இருந்தும் உட்கார மறுத்து வாசலில் நிற்கிற தம்பிகளே! ஆட்டோ ஓட்டுகிற பிச்சமுத்துவின் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் நான் அழ வரவில்லை. வயிறு எரிகிறது!

நம் பரக்கத் அலி பாய் ஷார்ஜாவிலிருந்து திரும்பி, 2013இல் உறையூரில் கஃபே திறந்தார். சனிக்கிழமை சாயங்காலம் யார் வேண்டுமானாலும் கவிதை வாசிக்கலாம். வாசிக்கும்போது வடை போட மாட்டார். எண்ணெய்ச் சத்தம் கேட்கக் கூடாதாம்! எந்த ஊரில் ஐயா இப்படி ஒரு கடை உண்டு?

அங்கே நான் முதலில் போனது டீ குடிக்க அல்ல, அங்கே கவிதை வாசிக்கிற பிலோமின்ராஜின் பல்லை உடைக்க! ஆட்டோக்காரர்களைக் கிண்டலடித்துக் கவிதை படித்தான் என்று கேள்விப்பட்டு, வீல் ஸ்பேனரோடு நுழைந்து கண்ணாடி அலமாரியை நொறுக்கினேன். பாய் பயந்தாரா?

"அண்ணே, ரொம்பக் கோவமா இருக்கீங்க. நீங்க முதல்ல பேசிடுங்க" என்று மைக்கை நீட்டினார். பத்து நிமிடம் வண்டை வண்டையாகத் திட்டினேன். கைதட்டினார்கள்! "அடுத்த வாரம் இதையே கொஞ்சம் சுருக்கிக் கொண்டாங்க" என்றார் பாய். சுருக்கிக்கொண்டு போனேன். கோபமாக வருகிறவருக்கு முதல் மைக் என்பது அன்றிலிருந்து கடை வழக்கம் ஆயிற்று.

நாலரை மாதத்துக்கு முன்பு, தறி நெய்கிற மணிமேகலை வாசித்துக்கொண்டிருந்தார். தன் அக்காவின் கையை அக்காவின் கணவன் முறித்த கதை. பாதியில் அந்தக் கணவனே உள்ளே வந்தான். பாய் என்ன செய்தார்? எனக்குச் செய்ததையே செய்தார். இருவருக்கும் நடுவில் போய், "வாங்க, நீங்க சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினார்.

அந்தப் பாவி மைக்கை வாங்கவில்லை. இரும்பு ஸ்டாண்டைப் பிடுங்கி மண்டையில் அடித்தான். விழுந்தவரை விடாமல் அடித்தான். கீழே கிடந்த மைக் அணையவில்லை. ஒவ்வோர் அடியும் ஸ்பீக்கரில் கேட்டது, ஐயா! நான் பாய்ந்து பிடிப்பதற்குள் பாய் போய்விட்டார்.

நாளை அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். தம்பிகளே, நீங்கள் ஏன் உட்காரவில்லை என்று எனக்குத் தெரியாதா? கோர்ட் வாசலில் அவனை வெட்டிச் சாய்க்கத் திட்டம் போட்டவனே நான்தானே!

இன்று கமருன்னிசா என் ஆட்டோவில்தான் வந்தார். சீட்டுக்கு அடியில் ஏதோ காலில் இடிக்கிறதே என்று குனிந்தார். அரிவாள்.

"அண்ணே, சனிக்கிழமை கடையத் தொறக்கணும். அந்தப் பொண்ணு பாதியில விட்டதை முடிக்கணும். நீங்க ஜெயிலுக்குப் போயிட்டா வாசல்ல யாரு நிப்பா?" என்று கேட்டார்.

பாய் பெயரால் சொல்கிறேன்: சனிக்கிழமை கடை திறக்கும். மணிமேகலை வாசித்து முடிப்பார். வாசலில் நான் நிற்பேன். தம்பிகளே, நாளை யாரும் கோர்ட் பக்கம் வராதீர்கள்.

என் கோபம் போய்விட்டதா? போகவில்லை! அரிவாளையும் வண்டிச் சாவியையும் தங்கையிடமே கொடுத்திருக்கிறேன். தங்கச்சி, நாளைக்குக் காலையில நானே வந்து கால்ல விழுந்து கேட்டாலும் கொடுத்துடாதீங்க!