இடப்பக்கம் சாஞ்ச ஏழு

அட, அந்தப் பக்கம் ஏன் தம்பி டார்ச் அடிக்கிறீங்க, அங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கும். இப்பிடி வாங்க. இந்தக் கதவுக்கு அடியில குனிஞ்சு பாருங்க, பெயிண்ட் ஒழுகி நிக்குது, சின்னப் புள்ள மூக்கு மாதிரி. இதெல்லாம் ஒரு வேலையா? எழுதிக்கங்க.

என்னது? இந்த வண்டி செஞ்ச எழுபதுல ஃபேக்டரியிலயே அப்படித்தான் ஒழுகுமா? அதப் பாத்து வேணும்னே ஒழுக வச்சிருக்காரா? அடக் கஷ்டகாலமே!

இல்ல இல்ல, என் புருஷன் வண்டிதான், யாரு இல்லன்னா. சொந்த வண்டிக்கே குத்தம் சொல்றாளேன்னு பாக்குறீங்க. சரி, ஒளிவு மறைவு எதுக்கு. நீங்க இன்னிக்குச் சோதிச்சு எல்லாம் ஒரிஜினல்னு எழுதிக் குடுத்தீங்கன்னா, ஞாயித்துக்கிழமை இத வாங்க சிகாகோக்காரன் டிரெய்லரோட வந்து நிப்பான். வண்டி போயிரும். போகக் கூடாது. ஏன்னு அப்புறம் சொல்றேன். எங்க வீட்டுக்காரரு வெண்டல் உங்களுக்காக டோனட் வாங்க ஓவோசோ டவுன் வரைக்கும் போயிருக்காரு, அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள ஒரு குறை, ஒரே ஒரு குறை கண்டுபிடிங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

பின்சீட்டத் தூக்குங்க. ஸ்பிரிங்குக்குள்ள ஒரு காகிதம் இருக்கும், பாதிய எலி தின்னுருச்சு. குப்பை. அட, என்ன தம்பி, அதப் போயி ரெண்டு கையால ஏந்துறீங்க? லைன்ல வேலை பாத்தவங்க சொருகிவிட்ட பேப்பரா? இந்த வண்டிக்கு என்னென்ன போடணும்னு அதுல இருக்கா? அது எனக்கும் தெரியும். எலி தின்னதுக்காவது ரெண்டு மார்க் குறைங்களேன். ஹூம்.

சரி, இங்க பாருங்க, என்ஜினுக்குப் பின்னாடி தகரத்துல மஞ்சக் கிறுக்கல். போன வருஷம் நான் சோப்புப் போட்டுத் தேச்சுப்புட்டேன். பாதி எழுத்து போயிருச்சு. அது எவனோ செக் பண்றவன் அம்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி போட்டதாம், நான் அத அழிச்சதுக்கு எம் மனுஷன் போட்ட சத்தத்துல பக்கத்துப் பண்ணை நாய் ரெண்டு நாள் இந்தப் பக்கமே வரல. மீதி எழுத்து போதுங்கிறீங்களா? நீங்களும் அவரும் ஒரே ஜாதிதான் போங்க!

என்ன, என்ஜின் நம்பர் பாக்கப் போறீங்களா? பாருங்க. லென்ஸக் கீழ குடுத்துப் பாருங்க. ஏன் தம்பி சிரிக்கிறீங்க? வண்டி நம்பரோட பொருந்துதா? ஏழு இடப்பக்கம் சாஞ்சிருக்கா? அந்த வருஷம் அந்த ஃபேக்டரியில வந்த எல்லாத்துலயும் ஏழு அப்படித்தான் சாயும், போலி அடிக்கிறவன் வரி வரியா நேரா அடிச்சு மாட்டிக்குவான், இது அசல்தான், சந்தேகமே இல்ல... நல்லாத்தான் படிச்சிருக்கீங்க.

அந்த ஏழு ஏன் சாயுதுன்னு உங்க புஸ்தகத்துல போட்டிருக்கா? போடலையா? அந்த ஏழு நான்தான் தம்பி.

உக்காருங்க, அந்த டயர் மேல உக்காருங்க. அப்போ எனக்கு இருபது வயசு. அந்த ஃபேக்டரி லைன்ல வர்ற என்ஜினுக்கெல்லாம் சுத்தியலால நம்பர் அடிக்கிற வேலை. அச்சு மாட்டுற சட்டத்துல ஒரு திருகாணி லூசு, ஏழு மட்டும் சாஞ்சு விழும். ஃபோர்மேன்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். அந்த லூசுத் திருகாணியத்தான் நீங்க இப்போ லென்ஸ் வச்சுக் கும்பிடுறீங்க.

துள்ளாதீங்க, துள்ளாதீங்க. இத நான் அடிச்சது எழுபதுல இல்ல. எண்பத்தாறுல, இதே ஷெட்டுல.

அந்தக் குளிர்காலம் இவரு டெக்ஸாஸுக்குக் கட்டட வேலைக்குப் போனாரு. மேவிஸ், ரேடியேட்டர்ல வெறும் தண்ணிதான் இருக்கு, பனி விழுறதுக்குள்ள உறையாம இருக்குற பச்சைத் தண்ணிய ஊத்திருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. மறந்துட்டேன். மிச்சிகன்ல இருந்துக்கிட்டு அத மறப்பாளா ஒருத்தி? மறந்தேனே! ஜனவரியில வந்து பாத்தா என்ஜின் பிளாக்கு நீளத்துக்கு வெடிச்சுக் கெடக்கு. நானும் என் தம்பி டக்கும் காயலாங்கடை காயலாங்கடையா அலைஞ்சோம். ஒரு இடத்துல அதே மாசம் வார்த்த பிளாக்கு, உதிரியா வித்தது, நம்பரே அடிக்காம மொட்டையா இருந்துச்சு. டக்கு மாத்தி மாட்டினான். அந்த அச்சும் சட்டமும்? ஃபேக்டரியில கழிச்சுப் போட்டத நான் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்திருந்தேன், ஜன்னல் அடைக்காம இருக்க முட்டுக் குடுக்க. ஒரே அடி. ஏழு சாஞ்சுச்சு. வெண்டல் மார்ச்சுல வந்தாரு, ஸ்டார்ட் பண்ணாரு, நல்லாப் பாத்துக்கிட்ட மேவிஸ்னு எனக்கு ஒரு முத்தம் குடுத்தாரு. எப்படித் தம்பி சொல்றது?

இப்போ மட்டும் ஏன் சொல்றேனா?

ரிட்டையர் ஆன நாள்லேர்ந்து இருபத்திரெண்டு வருஷம் தம்பி. காலையில ஆறு மணிக்கு வேலை ஷூவ மாட்டிக்கிட்டு, இந்தப் பழைய வண்டிய அசல் மாதிரி ஆக்க ஷெட்டுக்குள்ள வந்துருவாரு. ஒரு திருகாணிக்கு ஒரேகானுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பாரு. நான் இந்த வண்டியத் திட்டாத நாள் இல்ல, சக்களத்தின்னே பேரு வச்சிருந்தேன். பிப்ரவரியில கடைசி போல்ட்ட முடுக்கினாரு. கேக்கு வெட்டினோம். மறுநாள் காலையில வந்தாரு, துணியால ஒரு தடவ தொடச்சாரு, பத்து நிமிஷத்துல திரும்பி வந்து நாற்காலியில உக்காந்தாரு. அன்னிக்கு உக்காந்தவருதான். டாக்டரு உடம்புக்கு ஒண்ணும் இல்லங்கிறான். சாப்பாடு பாதி தட்டுலயே கெடக்கு. எல்லாம் முடிஞ்சுது, வித்துட்டா எனக்கும் வேலை இல்லங்கிறாரு. டோனட் வாங்கக்கூட வீட்டுச் செருப்போடதான் போயிருக்காரு. எனக்கு பயமா இருக்கு தம்பி.

அதனால என்ஜின் அசல் இல்லன்னு எழுதுங்க. பொய் சொல்லச் சொல்லலையே, உள்ளதத்தான் எழுதச் சொல்றேன். யாரு அடிச்சதுன்னு எழுதாதீங்க, அத நானே என்னிக்காவது சொல்லிக்கிறேன். ரெண்டு நாள் கத்துவாரு, கத்தட்டும். மூணாம் நாள் அசல் பிளாக்கத் தேட டெலிபோனக் கையில எடுப்பாரு பாருங்க.

அசலா? எங்கயும் போகல. கோழிக்கூண்டுல தார்ப்பாய் போட்டுக் கெடக்கு, அது மேலதான் கோழிங்க அடை காக்குது. வெடிப்ப ஒட்ட வைக்க முடியுமா? முடியும்ல? அதுக்கு எவ்வளவு நாள் ஆகும்? ஒரு வருஷமா! நல்லதாப் போச்சு. மொதல்ல ரெண்டு வருஷம் தேடட்டும், அப்புறம் மெதுவாக் காட்டுறேன்.

அந்தா, வண்டிச் சத்தம். வந்துட்டாரு. எழுதுங்க, சீக்கிரம் எழுதுங்க தம்பி.

வெண்டல்! டோனட்ட அங்கயே வச்சுட்டு, அந்த வீட்டுச் செருப்பக் கழட்டிட்டு உங்க வேலை ஷூவ மாட்டிக்கிட்டு வாங்க. இந்தத் தம்பி என்னமோ சொல்லணுமாம்.